கடவுச்சொல் சரி, அனுமதி இல்லை

இணைய உலாவியில் தடையின்றித் திறக்கும் ஓர் அஞ்சல்பெட்டி, அதே கணினியில், அதே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பின்னும் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலிகளில் திறக்க மறுப்பது, கணக்கர்களும் கூட்டுறவுச் சங்க எழுத்தர்களும் பள்ளி அலுவலகத்தாரும் இன்று அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல். ‘கடவுச்சொல் தவறு’ என்று செயலி சொல்வதை அப்படியே நம்பிக் கடவுச்சொல்லை மாற்றுவதும், மாற்றியதும் பலிக்காதபோது மீண்டும் மாற்றுவதும் பலரும் கைக்கொள்ளும் வழி. ஒரு முடிச்சு இருந்த இடத்தில் மூன்று முடிச்சு விழுவதுதான் அதனால் கண்ட பலன். கடவுச்சொல் என்பது வந்திருப்பவர் யார் என்பதற்கான சான்று. அவர் அனுப்பிய செயலி உள்ளே வரலாமா என்பது அதிலிருந்து வேறான அனுமதி. மின்னஞ்சலின் தொடக்க காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்து பின்னர் பிரிந்தன என்பதும், அந்தப் பிரிவைச் செயலியின் பிழைச்செய்தி பெரும்பாலும் மறைத்துவிடுகிறது என்பதும் விளங்கினால், இச்சிக்கலின் பாதி அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கோவைக்குச் செல்லும் சாலையில் மாநில எல்லையை ஒட்டி அமைந்த வேலந்தாவளத்தில் இவ்வேறுபாட்டை விளக்க நெடிய உவமை தேவைப்படாது. சோதனைச்சாவடியில் நிற்கும் லாரியின் ஓட்டுநர் தம் உரிமத்தைக் காட்டினால் அவர் யார் என்பது தெளிவாகிவிடும். ஆனால் வண்டிக்குப் பெர்மிட் இருக்கிறதா, சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே கட்டாயமாக்கப்பட்ட இ-வே பில் இருக்கிறதா என்பவை தனிக் கேள்விகள். சித்தூர்த் தோப்புகளில் இறக்கிய கள்ளைப் பிற மாவட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கோ, கலால் துறையின் அனுமதிச் சீட்டு இல்லையென்றால் ஓட்டுநரின் உரிமம் எத்தனை செல்லுபடியானதாக இருந்தாலும் பயனில்லை. செயலிக்கென்று தனியாக வழங்கப்படும் கடவுச்சொல், இனி விளக்கப்படவிருப்பதுபோல, ஏறத்தாழ அந்தச் சீட்டுக்கு நிகரானது. உவமை இவ்வளவோடு நிற்கட்டும். சாவடியில் நிற்பவரோடு பேசிப் பார்க்கலாம், அஞ்சலை வைத்திருக்கும் தொலைதூரக் கணினியோடு அது நடக்காது.

இங்கே சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். உலாவி வழியாக அஞ்சலைப் பார்ப்பது இணைய அஞ்சல், அதாவது வெப்மெயில். அஞ்சல்களைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு எடுத்துத் தரும் தொலைதூரக் கணினி வழங்கி, அதாவது சர்வர். செயலிக்கும் வழங்கிக்கும் இடையே நடக்கும் பேச்சின் இலக்கணம் நெறிமுறை எனப்படும். அஞ்சலை இறக்கிக்கொள்ளும் பாப் நெறிமுறை 1984-இல் வெளியாயிற்று. அஞ்சலை வழங்கியிலேயே வைத்துக்கொண்டு பல கருவிகளிலிருந்து படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். அஞ்சலை அனுப்புவதற்கான எஸ்எம்டிபி இவ்விரண்டுக்கும் மூத்தது, 1982-ஐச் சேர்ந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் வரிவடிவில் அப்படியே அனுப்பினால் போதும் என்ற நம்பிக்கை நிலவிய சிறிய உலகத்தில் பிறந்தவை பாப்பும் ஐமேப்பும். உலாவிவழி நுழைவோ ஓடிபி கேட்கும், படத்தைக் காட்டி ‘நீங்கள் இயந்திரமா’ என்று வினவும், கைப்பேசியில் ‘ஆம்’ அழுத்தச் சொல்லும். ஐமேப்பின் பழைய நுழைவுக் கட்டளையில் இவற்றுக்கெல்லாம் இடமே இல்லை. சிக்கலின் வேர் இதுவே.

அந்தப் பேச்சு நடைபெறும் விதத்தைச் சற்று அருகில் சென்று காண்பது பயன்தரும். செயலி வழங்கியின் 993-ஆம் துறையைத் தட்டுகிறது. துறை, அதாவது போர்ட் என்பது ஒரே கட்டடத்தில் வெவ்வேறு பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்ணிட்ட வாயில். வழங்கி தன் சான்றிதழை நீட்டுகிறது. செயலி அதன் பெயரையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டதும் இருவருக்குமிடையே மறையாக்கப்பட்ட பாதை அமைகிறது. அதன்பின் வழங்கி ‘ஓகே’ என்று ஒரு வரி அனுப்பித் தான் எந்தெந்த நுழைவு முறைகளை ஏற்கும் என்ற பட்டியலைத் தருகிறது. செயலி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பெயரையும் சான்றையும் கொடுக்கிறது. ‘ஓகே’ அல்லது ‘நோ’ என்று விடை வருகிறது. ‘நோ’வுக்குப் பின்னால் வழங்கி காரணத்தையும் ஒரு வரியில் எழுதி அனுப்புவது உண்டு. பல செயலிகள் அந்த வரியைப் பயனருக்குக் காட்டாமல் விழுங்கிவிட்டு, கடவுச்சொல் கேட்கும் அதே சிறு பெட்டியை மறுபடியும் திறந்து வைக்கின்றன. காரணத்தைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தப் பெட்டிதான் அஞ்சல் செயலிகளிலேயே மிக மோசமான வடிவமைப்பு என்று சொல்வது மிகையாகாது.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது, பேச்சு எந்தக் கட்டத்தில் முறிந்தது என்பதே. வழங்கியை அடையவே முடியாமல் காலம் கடந்துவிட்டது என்ற செய்தி வந்தால் அங்கே கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை; வழங்கியின் பெயரோ துறை எண்ணோ தவறியிருக்கலாம், அல்லது அலுவலகப் பிணையம் அத்துறையை அடைத்திருக்கலாம். சான்றிதழைப் பற்றிய எச்சரிக்கை வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. பழைய மேசைக்கணினியின் தாய்ப்பலகையில் உள்ள காசளவு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். அந்தத் தேதியில் வழங்கியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் செயலி அதனை ஏற்காது. சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு பேட்டரிக்காகக் கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றுவது இப்படித்தான் நேர்கிறது. அஞ்சல் போக்குவரத்தைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருள் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டும்போதும் இதே எச்சரிக்கை எழும்.

மறையாக்கத்தின் பழைய பதிப்புகளான டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகியவை 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டன. 2020 ஜனவரி 14-இல் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7, தக்க இற்றைப்படுத்தலும் அமைப்பு மாற்றமும் இல்லாதபோது புதிய பதிப்புக்கு வராமல் பழையதையே நீட்டுவது உண்டு. அதனால் அக்கணினியில் உள்ள அவுட்லுக் 2010, வழங்கியோடு கைகுலுக்கும் முன்பே திருப்பி அனுப்பப்படலாம். கணக்கு மென்பொருள் ஓடுகிறது, அச்சுப்பொறி ஓடுகிறது, அஞ்சல் மட்டும் ஓடவில்லை என்று வியப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

‘நோ’ என்ற விடை வரையிலும் பேச்சு நடந்திருந்தால் மட்டுமே கடவுச்சொல்லைப் பற்றிய ஆய்வு தொடங்கத் தக்கது. அங்கும் ஒரு பொய்ச் சான்று குறுக்கே நிற்கிறது. ‘உலாவியில் திறக்கிறதே, ஆகவே கடவுச்சொல் சரி’ என்பது பொதுவான வாதம்; ஆனால் உலாவி, மாதக்கணக்கில் முன்பு ஒருமுறை நுழைந்தபோது பெற்ற அடையாளத் துணுக்கை, அதாவது குக்கியை வைத்துக்கொண்டே உள்ளே போகிறது; அன்றாடம் அது கடவுச்சொல்லைக் கொடுப்பதே இல்லை. அல்லது, தான் சேமித்து வைத்ததைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பயனரின் நினைவில் இருப்பது அதற்கு முந்தைய கடவுச்சொல்லாக இருக்கலாம். உலாவியின் தனிமறைவுச் சாளரத்தை, அதாவது இன்காக்னிடோவைத் திறந்து, சேமித்ததை நிரப்ப விடாமல் கையால் தட்டெழுதி நுழைந்து பார்த்தால்தான் கடவுச்சொல் சரியா என்பது உறுதியாகும்.

தட்டெழுதுவதிலும் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே தொடர்புகொள்ள இடமளிக்கிறது. ஆகவே இங்குள்ள ஒரு கணினியில் மனு தமிழிலும் கோப்பு மலையாளத்திலும் நுழைவு ஆங்கிலத்திலுமாக மூன்று விசைப்பலகை அமைப்புகள் இருப்பது இயல்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பில் ‘எச்’ விசை ‘க’வைத் தரும், ‘ஏ’ விசை ‘அ’வைத் தரும். கடவுச்சொல் பெட்டியில் எல்லாமே கரும்புள்ளிகளாகத் தெரிவதால், எழுதியது எந்த எழுத்து என்பது எழுதியவருக்கே தெரியாது. சில இயங்குதளங்களும் செயலிகளும் கடவுச்சொல் பெட்டியில் பிறமொழி உள்ளீட்டைத் தடுக்கின்றன, சில தடுப்பதில்லை. கடவுச்சொல்லை முதலில் ஒரு வெற்றுக் குறிப்பேட்டுச் சாளரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, அக்குறிப்பைச் சேமிக்காமல் மூடிவிடுவது எளிய சோதனை.

கடவுச்சொல்லும் சரி, பாதையும் சரி என்றான பிறகும் ‘நோ’ வருமானால், அது அனுமதிச் சிக்கல். தமிழ் வாசகர்களுக்கு மிக அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு சோகோ மெயில். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் சோகோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாற்றம் பெற்று, சென்னையிலும் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகங்களைக் கொண்ட இந்நிறுவனத்தின் அஞ்சல் சேவை 2008-இல் வெளியாயிற்று. இதில் கணக்குத் தொடங்குபவரின் அஞ்சல் எந்த நாட்டுத் தரவு மையத்தில் வைக்கப்படும் என்பது தொடங்கும்போதே முடிவாகிவிடும். இந்தியாவில் தொடங்கிய கணக்கு பெரும்பாலும் ‘டாட் இன்’ மையத்தில் இருக்கும். ஆனால் இணையத்தில் காணக்கிடைக்கும் அமைப்புக் குறிப்புகள் பல ‘டாட் காம்’ வழங்கியின் பெயரையே தருகின்றன. அந்த வழங்கியும் உண்மையானதே, அதன் சான்றிதழும் செல்லுபடியானதே, பேச்சும் தடையின்றி நடக்கும். ஆனால் அங்குள்ள பேரேட்டில் இக்கணக்கு இல்லாததால், பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று விடை வரும். வேலந்தாவளத்து வண்டியின் ஆவணத்தை வாளையார் என்ற வேறொரு சாவடியில் தேடிய கதைதான். உலாவியில் நுழைந்த பின் முகவரிப் பட்டையில் ‘டாட் இன்’ என்றிருக்கிறதா, ‘டாட் காம்’ என்றிருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ப வழங்கியின் பெயரை எழுதினால் போதும். சொந்த ஆள்களப் பெயரில், அதாவது நிறுவனத்தின் பெயரே முகவரியாக வரும்படி, கட்டணக் கணக்கு வைத்திருப்பவருக்கு ‘ஐமேப் ப்ரோ’ என்று தொடங்கும் வேறொரு வழங்கிப்பெயர் உண்டு. இது பலர் தவறவிடும் இடம்.

அதே சேவையில், கணக்கின் அமைப்புப் பக்கத்தில் ஐமேப் அணுக்கம் என்ற பொத்தானை இயக்கினாலன்றிச் செயலி உள்ளே வர முடியாது; இலவசத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த வசதியே இல்லை. இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கைப்பேசி ஒப்புதலும் கேட்கும் முறை, இயக்கத்தில் இருந்தால் வழக்கமான கடவுச்சொல்லைச் செயலியில் கொடுப்பது வீண். அச்செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றைக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ளவேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் அஞ்சல் கணக்குகள் சோகோவின் தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2025-இல் வெளிவந்தது. இத்தகைய மாற்றங்களில் அஞ்சல் முகவரி அப்படியே இருக்க, அதன் பின்னாலுள்ள வழங்கி மட்டும் மாறுவதால், செயலியில் பழைய வழங்கியின் பெயரை எழுதி வைத்திருப்பவர்களுக்குக் கதவு அடைபட்டுப்போவது எந்த நிறுவனத்திலும் நேரக்கூடியதே.

ஜிமெயிலின் வரலாறு வேறு. 2022 மே 30 முதல், கூகுளின் தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு பிற செயலிகள் நுழைவது நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது ஓஆத் என்ற முறை: செயலி கடவுச்சொல்லைத் தொடுவதே இல்லை, கூகுளின் சொந்த நுழைவுப் பக்கத்தைத் திறந்து காட்டி, அங்கே பயனர் நுழைந்து ஒப்புதல் தந்தபின், அஞ்சலைக் கையாள்வதற்கு மட்டுமான ஒரு சீட்டைப் பெற்றுக்கொள்கிறது. 2012-இல் இதன் இரண்டாம் பதிப்பு தரநிலையாக வெளியாயிற்று. தண்டர்பேர்டில் கணக்கின் அமைப்பில் நுழைவு முறை ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்றிருப்பதை ஓஆத் என்று மாற்றினால் இப்பக்கம் திறக்கும். திறந்ததும் வெறுமையாகவே நின்றால், அச்செயலியின் அமைப்பில் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், ஏனெனில் அந்தச் சாளரமும் ஓர் உலாவியே.

ஓஆத் அறியாத பழைய செயலிகளுக்கு இரண்டாவது வழியான செயலிக் கடவுச்சொல் உண்டு. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய பின்னரே இதை உருவாக்க முடியும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும் 16 எழுத்துகள் கொண்ட இது ஒருமுறை மட்டுமே திரையில் தோன்றும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் செயலிக் கடவுச்சொற்கள் அனைத்தும் செல்லாதவையாகிவிடும். ‘எதற்கும் மாற்றி வைப்போம்’ என்று கடவுச்சொல்லை மாற்றியவர், அதுவரை ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணினியின் அஞ்சலையும் தம் கையாலேயே நிறுத்திவிடுகிறார்.

மைக்ரோசாஃப்ட் இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டது. அதன் தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் பழைய நுழைவு முறை 2024 செப்டம்பர் 16-இல் முடிவுக்கு வந்தபோது செயலிக் கடவுச்சொல் என்ற பக்கவாயிலும் அதனோடு அடைக்கப்பட்டது. அவுட்லுக் என்ற பெயரையே தாங்கிய 2010, 2013-ஆம் ஆண்டுச் செயலிகள் அவுட்லுக் என்ற பெயரையே தாங்கிய அஞ்சல்பெட்டிக்குள் நுழைய இயலாமல் நிற்பதும், போட்டியாளரான தண்டர்பேர்டின் புதிய பதிப்பு ஓஆத் வழியாக எளிதில் உள்ளே போவதும் இதன் விளைவு. இங்கே அமைப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை; செயலியை மாற்றுவது ஒன்றே வழி.

அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்பது இன்னொரு வகை. படிக்கும் வாயிலும் அனுப்பும் வாயிலும் வெவ்வேறு என்பதைச் செயலியின் ஒரே சாளரம் மறைத்துவிடுகிறது. அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் தொடக்கத்தில் நுழைவுச் சோதனை என்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த வழங்கியிடமும் அஞ்சலைக் கொடுக்கலாம் என்ற நிலையைக் குப்பையஞ்சல்காரர்கள் பயன்படுத்திக்கொண்ட பின், 1998-99-இல்தான் அனுப்புநருக்கெனத் தனித் துறையும் அங்கே நுழைவுச் சோதனையும் வகுக்கப்பட்டன. பழைய செயலிகளில் ‘அனுப்பும் வழங்கிக்கும் நுழைவு தேவை’ என்ற தேர்வு தனியாகக் கிடப்பது அந்த வரலாற்றின் எச்சம். 587-ஆம் துறையில் பேச்சு திறந்தநிலையில் தொடங்கிப் பின் மறையாக்கத்துக்கு மாறும். 465-இல் முதலிலிருந்தே மறையாக்கம்தான். துறையை மட்டும் 465-க்கு மாற்றி மறையாக்க வகையை மாற்றாமல் விட்டால் இரு தரப்பும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்து நேரம் கடந்துவிடும். வழங்கி 535 என்ற எண்ணைத் தந்தால் பெயரும் சான்றும் ஏற்கப்படவில்லை என்று பொருள். கூகுளிடமிருந்து 534 வந்தால் பெரும்பாலும் செயலிக் கடவுச்சொல் வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. தண்டர்பேர்டு சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலில் ஐமேப்புக்கு ஒன்றும் எஸ்எம்டிபிக்கு ஒன்றுமாக இரு பதிவுகள் இருக்கும்; ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறப்பது வழக்கம்.

கடவுச்சொல்லை மாற்றியபின் கணக்கே பூட்டிக்கொள்வதும் நிகழ்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய அஞ்சலைத் தேடும் செயலி பழைய கடவுச்சொல்லோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் குழந்தைகள் விளையாடும் பழைய கைப்பேசியிலும் அதே கணக்கு கிடந்தால் அதுவும் தட்டும். வழங்கியின் பார்வையில் இது திருட்டு முயற்சி. ஆகவே அது சிறிது நேரம் எல்லாரையும், சரியான கடவுச்சொல்லோடு வந்தவரையும் சேர்த்து, வெளியே நிறுத்துகிறது. அப்போது செய்யத்தக்கது எல்லாக் கருவிகளிலும் கணக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, பின் ஒவ்வொன்றாகத் திறப்பது. புதிய இடத்திலிருந்து நுழைவு முயற்சி என்று வரும் எச்சரிக்கையையும் பதறாமல் படிக்கவேண்டும். இணைய முகவரி எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரே அதில் தெரியும் என்பதால், வேலந்தாவளத்தில் அமர்ந்து தட்டிய நுழைவு கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்ததாகக் காட்டப்படலாம். ஊரைவிட நேரத்தையும் கருவியின் வகையையும் ஒப்பிடுவதே நம்பகமானது.

எல்லாம் சரியாகி அஞ்சல் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு வேலை மிஞ்சுகிறது. செயலிக் கடவுச்சொல் ஒவ்வொன்றையும் உருவாக்கும்போது அதற்கு ஒரு பெயர் கேட்கப்படும். ‘அலுவலகக் கணினி, முன்மேசை’ என்பதுபோல் எழுதி வைத்தால் பின்னர் எது எதற்கு என்று தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பட்டியலைத் திறந்து பார்த்தால், பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட கணினிகளின் பெயர்களும் அதில் இருக்கும், செல்லுபடியான சீட்டுகளோடு.